சுனாமியும் தேவசித்தமா? கால்வினிஸமும் தீமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இப்போது இளைஞர்கள் பலர் யூடியூபில் சீர்திருத்தப் பிரசங்கங்களைக் கேட்டுவிட்டு "நான் கால்வினிஸ்ட்" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். சொன்ன கையோடு வீட்டில் அம்மாவோ பாட்டியோ ஒரே ஒரு கேள்வி கேட்டு வாயை அடைத்துவிடுவார்கள்: அப்படியென்றால் சுனாமியும் கர்த்தர் போட்ட திட்டமா? அந்தக் கேள்வியிலும் அதன் கிளைக் கேள்விகளிலும் மாட்டிக்கொள்கிறவர்களுக்காக எழுதியது இது. நான் இறையியல் கல்லூரியில் படித்தவன் இல்லை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன், கால்வினை வாசித்து பெரும்பகுதி ஒத்துப்போகிறவன். ஒத்துப்போகாத இடம் வரும்போது அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில், கால்வினிஸம் என்றால் என்ன?

ஜான் கால்வின் புராட்டஸ்டண்ட் சபைச் சீர்திருத்தத் தலைவர்களில் ஒருவர், 1509-ல் பிரான்ஸில் பிறந்தவர், 1564-ல் ஜெனீவாவில் இறந்தவர். 1536-ல் ஆறு அதிகாரங்களில் ஒரு சிறிய போதனை நூல் எழுதினார், அதையே விரித்து விரித்து 1559-ல் எண்பது அதிகாரங்கள் ஆக்கினார். "ஐந்து அம்சங்கள்" என்று யூடியூபில் சொல்கிறார்களே, அதை அவர் எழுதவில்லை. ஆர்மீனியஸ் என்ற டச்சு இறையியலாளரின் சீடர்கள் 1610-ல் ஐந்து ஆட்சேபணைகளைக் கொடுத்தார்கள், அதற்குப் பதிலாக 1618-19-ல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சங்கம் எழுதியதுதான் அந்த ஐந்து. மனிதன் முழுக்கக் கெட்டுப்போனவன், தேவன் யாரை இரட்சிக்கிறார் என்பது அவனுடைய தகுதியைப் பார்த்து எடுத்த முடிவல்ல, தெரிந்துகொள்ளப்பட்டவன் (அதாவது தேவன் தேர்ந்தெடுத்தவன்) கடைசிவரை காக்கப்படுவான் என்கிற மாதிரி போகும்.

நம் கேள்விக்கு இந்த ஐந்தைவிட இன்னொன்றுதான் முக்கியம்: தேவ பராமரிப்பு. நடப்பது எதுவானாலும், மழை, வறட்சி, நோய், சுகம் எல்லாமே, அவருடைய கையிலிருந்து வருகிறது, தற்செயல் என்று ஒன்று கிடையாது. 1563-ல் வந்த, சீர்திருத்த சபைகளின் போதனை நூலான ஹைடல்பெர்க் வினாவிடை இதை அப்பாவின் கை என்றே சொல்கிறது. அந்த இடம்தான் ஆறுதலும் கொடுக்கும், தொண்டையிலும் சிக்கும்.

தீமையின் பிரச்சினை என்று எதைச் சொல்கிறார்கள்?

மூன்று வாக்கியம். தேவன் நல்லவர். தேவன் சர்வ வல்லவர். தீமை இருக்கிறது. மூன்றும் ஒன்றாக எப்படி நிற்கும்? பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிக்கூரஸ் பெயரில் சொல்லப்படும் மிகப் பழைய கேள்வி. பெரும்பாலானவர்கள் மூன்றில் ஒன்றைக் கொஞ்சம் தளர்த்தி சமாளிப்பார்கள். அவர் தடுக்க நினைத்தார், ஆனால் மனிதனின் சுயசித்தத்தில் தலையிட மாட்டார், அது இது என்று. கால்வினிஸ்ட் எதையும் தளர்த்த மாட்டான். அதனாலேயே கேள்வி அவனுக்குத்தான் அதிகமாக வலிக்கும்.

சரி, நேராகவே கேட்கிறேன். 2004 சுனாமி தேவனுடைய திட்டமா?

கால்வினிஸம் கொடுக்கும் பதில்: ஆம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்பவர்கள் கால்வினிஸ்டுகளாக இருக்க முடியாது.

அந்த "ஆம்" என்ன எடை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். டிசம்பர் 26, 2004, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. பூசைக்குப் போய் வந்தவர்கள், முந்தின நாள் வாங்கிய புதுச்சட்டையோடு மணலில் விளையாடிய பிள்ளைகள். இன்றைக்கும் ஒவ்வொரு டிசம்பர் 26-ம் தேதியும் கடப்புறத்துக் கல்லறைகளில், பலரை ஒன்றாக அடக்கம் செய்த இடத்தில், மெழுகுவர்த்தி ஏற்றி அழுகிறார்கள். மலைப்பக்கத்தில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு "எல்லாம் தேவ திட்டம்" என்று எழுதுவது எனக்கு சுலபம் என்பதும் தெரியும்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுமத்ராவுக்கு அருகே கடலுக்கடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே நழுவியது, அளவு 9-ஐத் தாண்டிய நிலநடுக்கம். கால்வினிஸம் இதை மறுக்கவில்லை. முதல் காரணம், இரண்டாம் காரணங்கள் என்று இரண்டு அடுக்காகப் பேசும். தட்டு நழுவியது இரண்டாம் காரணம், அது நிஜமான காரணம், அதற்கு இயற்பியல் விளக்கம் முழுசாக உண்டு. அந்த முழு விளக்கத்தையும் தாங்கி நிற்பவர் தேவன். ஆகவே "இயற்கைதானே செய்தது, அவர் என்ன செய்வார்" என்று அவரை வெளியே நிறுத்திவிட முடியாது. ஆமோஸ் 3:6, ஏசாயா 45:7, புலம்பல் 3:38 மூன்றையும் நம் வேதாகமத்தில் எடுத்து வாசித்துப் பாருங்கள், அந்த வசனங்கள் கால்வினைவிடக் கடுமையாகவே பேசும்.

ஆனால் ஏன் செய்தார் என்று கேட்டால்? அதற்குப் பதில் இல்லை. "ஆம்" என்பதோடு கால்வினிஸ்ட் நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த வாரமே மேடை ஏறி "இந்த ஊரின் இந்தப் பாவத்துக்காகத்தான்" என்று காரணம் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் அப்போது இருந்தார்கள். அவர்கள் கால்வினிடமிருந்து அதைக் கற்கவில்லை. வெளிப்படுத்தப்படாத தீர்மானத்துக்குள் எட்டிப் பார்க்காதே என்று அவர் பக்கம் பக்கமாகத் திட்டியிருக்கிறார்.

"தேவன் செய்தார்" என்பதற்குப் பதில் "தேவன் அனுமதித்தார்" என்று சொன்னால் போதுமே?

நம் பிரசங்கிகளில் பெரும்பாலோர் அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்கவும் மென்மையாக இருக்கிறது. கால்வினுக்கு இது பிடிக்காது. வெறும் அனுமதி என்பது, காவல் கோபுரத்தில் சும்மா உட்கார்ந்து கீழே நடப்பதை வேடிக்கை பார்க்கிறவரைப் போல தேவனை ஆக்கிவிடும் என்றார். அப்புறம் யோசித்துப் பாருங்கள், தடுக்க முழு வல்லமை இருந்தும் தடுக்காமல் அனுமதிப்பவர், ஏதோ ஒரு நோக்கத்தோடுதான் அனுமதிக்கிறார். அந்த நோக்கம் என்ன என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. சொல்லை மாற்றியதால் கேள்வி ஒரு படிகூட இறங்கவில்லை.

அப்படியென்றால் பாவத்துக்கும் தேவனே காரணர் ஆகிவிடுகிறாரே?

மொத்தப் பிரச்சினையும் இங்கேதான். ஜெனீவாவிலேயே 1551-ல் போல்செக் என்ற மருத்துவர் சபையில் எழுந்து, உன் உபதேசம் தேவனைப் பாவத்தின் கர்த்தா ஆக்குகிறது என்று கால்வினிடம் நேருக்கு நேர் சொன்னார். கைது செய்து, கடைசியில் ஊரை விட்டே அனுப்பினார்கள். வாதத்தில் ஜெயிக்க இது நல்ல வழி இல்லை. கேள்வி மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை.

கால்வினின் பதில் வேதாகமத்தின் யோபு புத்தகம் முதல் அதிகாரத்தில் தொடங்குகிறது. கல்தேயர் வந்து ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போய், வேலைக்காரர்களை வெட்டிப்போட்டார்கள். இதைச் செய்தது யார்? கல்தேயர் செய்தார்கள், கொள்ளை ஆசைக்காக. சாத்தான் செய்தான், யோபு தேவனைத் தூஷிக்க வேண்டும் என்று. தேவனும் செய்தார், தம் ஊழியனின் பொறுமையைச் சோதிக்க. யோபுவோ கல்தேயர் எடுத்தார்கள் என்று சொல்லவில்லை, கர்த்தர் எடுத்தார் என்றான், அப்படிச் சொன்னதில் அவன் பாவம் செய்யவில்லை என்று அடுத்த வசனமே சாட்சி சொல்கிறது. ஒரே சம்பவம், மூன்று பேர், மூன்று நோக்கம். நோக்கம் கெட்டதாக இருக்கும் இடத்தில்தான் குற்றம் ஒட்டும்.

யோசேப்பு தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களிடம் பேசியதும் இதுதான். நீங்கள் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடித்தார். நம் குமரி மாவட்டத்திலிருந்தே ஒன்று சொல்வதானால், 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில், கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் ரோமில் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள், இங்கே ஊரெல்லாம் வெடி போட்டார்கள். அந்த மரணத்தின் பலனைக் கொண்டாடுகிற ஒருவரும், சுட்டவர்கள் நல்ல காரியம் செய்தார்கள் என்று சொல்வதில்லை.

கால்வின் ஒரு உவமையும் தருகிறார், கொஞ்சம் குமட்டும். பிணம் வெயிலில் கிடந்து நாறுகிறது. நாற்றத்தைக் கிளப்பியது சூரியன்தான், ஆனால் யாரும் சூரியக்கதிர் நாறுகிறது என்று சொல்வதில்லை.

இது போதுமா? எனக்கு முக்கால்வாசி போதும். கல்தேயர் விஷயத்தில் அழகாகப் பொருந்துகிறது. சூரியன் உவமை எனக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் சூரியன் அந்தப் பிணத்தைப் படைக்கவில்லை, அது அங்கே கிடக்க வேண்டும் என்று தீர்மானிக்கவும் இல்லை. ஆதாமின் வீழ்ச்சியையே தேவன் தீர்மானித்தார் என்று கால்வின் சொல்கிறார் அல்லவா? அங்கே முதல் கெட்ட நோக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவரிடமும் விடை இல்லை. 1640-களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை நேர்மையாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது: நடப்பதையெல்லாம் தேவன் தீர்மானித்தார், ஆனாலும் அவர் பாவத்தின் கர்த்தா அல்ல, மனிதனின் சித்தத்தை அவர் பலவந்தம் செய்வதும் இல்லை. எப்படி என்பதை அது விளக்கவில்லை. விளக்காமல் விட்டதற்காக நான் அந்த அறிக்கையை இன்னும் மதிக்கிறேன்.

இதுக்கும் தலைவிதிக்கும் என்ன வித்தியாசம்? பாட்டி "தலையெழுத்து" என்று சொன்னால் திட்டுகிறீர்களே?

தலையெழுத்து என்று சொல்லும்போது யாரிடமும் போய் முறையிட முடியாது. எழுதியாகிவிட்டது, அழிக்க ஆளில்லை. கால்வின் காலத்திலேயே அவரை ஸ்தோயிக்கர் என்ற பழைய கிரேக்கத் தத்துவவாதிகளின் விதிக்கொள்கைக்காரர் என்று கேலி செய்தார்கள், அவருக்குக் கோபம் வந்தது. இயற்கைக்குள் தானாக ஓடும் காரணச் சங்கிலியைப் பற்றி நான் பேசவில்லை, ஞானமுள்ள ஒருவர் ஆளுகிறார் என்று பேசுகிறேன் என்றார். ஆள் இருந்தால் கேள்வி கேட்கலாம், சண்டை போடலாம். சங்கீதம் 13-ல் தாவீது, கர்த்தாவே எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கேட்டது சண்டைதான். 88-ம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது, அதையும் எடுத்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

முன்வினை என்பது வேறு. அது "உனக்கு வந்தது நீ சம்பாதித்தது" என்று சொல்லும். கால்வினிஸம் அதைச் சொல்லாது, சொல்லக்கூடாது. நடைமுறையில் நம் விசுவாசிகள் பலர் ஞாயிற்றுக்கிழமை தேவசித்தம் என்று பாடிவிட்டு திங்கட்கிழமை முன்வினை பேசுகிறார்கள், அது தனிக் கதை.

எல்லாம் முன்பே தீர்மானம் என்றால் புயல் எச்சரிக்கை எதற்கு? மருந்து எதற்கு?

கடப்புறத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், கால்வின் யார் என்றே கேள்விப்படாதவர், இதற்கு அருமையாகப் பதில் சொன்னார். "மக்களே, கடவுள் கடலையும் குடுத்தாரு, கடலைப் பார்க்கக் கண்ணையும் குடுத்தாரு." கால்வின் எழுதியதும் ஏறக்குறைய இதுவே. நம் ஆயுளுக்கு எல்லை வைத்தவரே அதைக் காக்கும் பொறுப்பையும் நமக்குத் தந்தார், ஆபத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் புத்தியைத் தந்தார், மருந்தைத் தந்தார். ஆகவே எச்சரிக்கையை அசட்டை செய்கிறவன் தேவசித்தத்துக்குக் கீழ்ப்படியவில்லை, எதிர்த்து நிற்கிறான்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆட்கள் பலர் ஏற்கெனவே நாட்கணக்கில் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அவ்வளவு தூரம் எட்டக்கூடிய வயர்லெஸ்ஸும் செயற்கைக்கோள் போனும் படகில் இருந்திருக்க வேண்டும் என்று அப்புறம் மக்கள் ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். "தேவசித்தம் நடந்துவிட்டது, போராட்டம் எதற்கு" என்று ஒரு விசுவாசி கேட்டால், அவர் கால்வினைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். கடந்துபோனதைத் தேவன் கையில் விடலாம். வரப்போவதை அப்படி விடுவது சோம்பேறித்தனம்.

எனக்கு வந்த வியாதிக்கு என் பாவம் காரணமா?

இயேசுவிடமே கேட்டார்கள், பிறவிக் குருடனைக் காட்டி. இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அதற்கும் இல்லை என்றார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

அலையில் போன சின்னக் குழந்தைகள்? அவர்களும் "தெரிந்துகொள்ளப்படாதவர்களா"?

டோர்ட் சங்கம் இதைத் தொட்டிருக்கிறது. விசுவாசிகளான பெற்றோர், குழந்தைப் பருவத்திலேயே இறந்த தங்கள் பிள்ளைகளின் தெரிந்துகொள்ளுதலைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டாம் என்று. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்து எழுதிய வாக்கியம் அது, 17-ம் நூற்றாண்டில் பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு குறைவு. மற்றவர்களின் குழந்தைகள்? அங்கே அந்த ஆவணம் மௌனம். பின்னால் வந்த, 19-ம் நூற்றாண்டு அமெரிக்க இறையியலாளர் சார்லஸ் ஹாட்ஜ் போன்ற உறுதியான கால்வினிஸ்டுகள், குழந்தையாக இறந்த எல்லோரும் இரட்சிக்கப்படுகிறார்கள் என்று தைரியமாகச் சொன்னார்கள். தகுதியைப் பார்க்காமல் கிருபையாகவே இரட்சிக்கிறார் என்றால், விசுவாசிக்கிறேன் என்று சொல்லத் தெரியாத குழந்தைக்கும் அது செல்லும் அல்லவா? இந்த ஒரு விஷயத்தில் கால்வினிஸத்துக்கு மற்றவர்களைவிட வசதி அதிகம் என்று நினைக்கிறேன்.

சிலரை நரகத்துக்கென்றே தீர்மானித்தார் என்பது உண்மையிலேயே கால்வின் சொன்னதா?

சொன்னார். அந்தத் தீர்மானம் பயங்கரமானது என்று ஒப்புக்கொண்டே சொன்னார். பின்வந்தவர்கள், இந்தத் தீர்மானம் வீழ்ச்சிக்கு முன்பா பின்பா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதித்தார்கள். டோர்ட் மென்மையான பக்கத்தை எடுத்தது: எல்லோரும் விழுந்துகிடந்தார்கள், சிலரைத் தூக்கினார், மற்றவர்களை அவர்கள் கிடந்த இடத்திலேயே விட்டார்.

நான் ஒத்துப்போகாத இடம் இது. எசேக்கியேல் 33:11-ல் துன்மார்க்கனின் மரணத்தை நான் விரும்பவில்லை என்று தேவன் தம் ஜீவன் மேல் ஆணையிட்டுச் சொல்கிறார். வெளியே சொன்ன சித்தம் ஒன்று, உள்ளே மறைத்த சித்தம் இன்னொன்று என்று இதற்கு விளக்கம் தருவார்கள். அந்த விளக்கத்தைப் பலமுறை வாசித்தும் எனக்கு இறங்கவில்லை. 1739-ல் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, இந்த உபதேசம் தேவனைப் பிசாசைவிட மோசமானவராகக் காட்டுகிறது என்று பிரசங்கித்தார். அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று மட்டும் புரிகிறது.

சுயசித்தம் என்று ஒத்துக்கொண்டால் பிரச்சினையே இல்லையே?

பாதி குறையும். கொலை, துரோகம், வரதட்சணைக் கொடுமை இதற்கெல்லாம் சுயசித்தம் நல்ல பதில். இந்த வாதத்தை நம் காலத்தில் மிக நுட்பமாகக் கட்டிய தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா, சீர்திருத்த சபைப் பின்னணிக்காரர் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் கடலுக்கடியில் நழுவிய தட்டுக்கு சுயசித்தம் கிடையாது. அதோடு, ஆர்மீனியஸைப் பின்பற்றும் நண்பர்களும் தேவன் எல்லாவற்றையும் முன்னறிந்தார் என்று நம்புகிறார்கள். அன்று காலை என்ன நடக்கும் என்று தெரிந்தே படைத்தார் என்றால், அம்மா கேட்ட கேள்வி அவர்கள் வீட்டு வாசலுக்கும் வரும், கொஞ்சம் தாமதமாக வரும்.

கால்வினுக்குக் கஷ்டம் என்றால் என்ன என்று தெரியுமா? சும்மா மேஜையில் உட்கார்ந்து எழுதினாரா?

அகதியாக ஓடியவர். 1542-ல் பிறந்த ஒரே மகன் சில நாட்களில் இறந்தான், மனைவி இடெலெட் 1549-ல் இறந்தார். அதனால் அவர் சொன்னது சரியாகிவிடாது, சும்மா எழுதினார் என்றும் சொல்ல முடியாது.

துக்க வீட்டில் இதைச் சொல்லலாமா?

வேண்டாம். தயவுசெய்து.

பார்த்திருப்பீர்கள். முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டு, ஒருவர் கட்டன்காப்பி தட்டத்தோடு சுற்றிக்கொண்டிருப்பார். பெட்டிக்குப் பக்கத்தில் தாய் உட்கார்ந்திருக்கிறாள், குரல் கட்டிப்போய்விட்டது. ஒரு சபை மூப்பர் குனிந்து, தோளைத் தட்டி, "கர்த்தருடைய சித்தம் அம்மா, அழக்கூடாது" என்கிறார். உபதேசம் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அந்தத் தாய் அவரைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு அழுதார், எனவே திட்டம் தெரிந்தவருக்கே அழுகை தடை இல்லை. யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள்.

இந்த உபதேசத்தைத் துக்கத்துக்கு முன்பு படிக்க வேண்டும், அல்லது நாள் கழிந்து, அவர்களே கேட்கும்போது. சில தாய்மார்கள் கேட்கிறார்கள். என் பிள்ளை செத்தது சும்மா நடந்த விபத்து என்றால் என்னால் தாங்க முடியாது, யாரோ கையில் இருந்தது என்றால் தாங்குவேன் என்று சொல்பவர்கள் உண்டு. நேர் எதிராக, அவர் கையில் இருந்தது என்றால்தான் தாங்க முடியாது என்பவர்களும் உண்டு. எந்த ஆள் என்று தெரியாமல் வாய் திறக்காதீர்கள்.

நம்ம சி.எஸ்.ஐ. கால்வினிஸ்ட் சபையா?

வேர் அங்கேதான். இங்கே வந்தது லண்டன் மிஷனரி சங்கம், 1795-ல் தொடங்கியது. ஆட்கள் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் சபையினர், அது கால்வினிஸப் பாரம்பரியம். இதில் ஒரு தமாஷ், அவர்கள் அனுப்பி 1806-ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே பிரஷ்யாக்காரர், லுத்தரன் குருப்பட்டம் பெற்றவர். பிறகு தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ. அந்த ஐக்கியத்துக்குள் வெஸ்லியின் வழிவந்த மெத்தடிஸ்டுகளும் வந்துவிட்டார்கள். ஆக கால்வினைப் பின்பற்றியவர்களும், கால்வினைத் திட்டிய வெஸ்லியின் பிள்ளைகளும் ஒரே சபை. இரட்சணிய சேனையும் மெத்தடிஸ்ட் வழி. பக்கத்துத் தெரு லுத்தரன் சபையினர் தெரிந்துகொள்ளுதலை ஏற்பார்கள், நரகத்துக்கு முன்குறித்தலை ஏற்கமாட்டார்கள். கடப்புறம் பெரும்பாலும் கத்தோலிக்கர்.

இந்த முன்குறித்தலை நம்பாவிட்டால் சபையை விட்டுப் போக வேண்டுமா?

வேண்டாம். சி.எஸ்.ஐ. கேட்பது வேதாகமத்தையும், அப்போஸ்தல விசுவாசப் பிரமாணத்தையும், நிசேயா விசுவாசப் பிரமாணத்தையும்தான். இரண்டு பிரமாணத்திலும் முன்குறித்தல் என்ற பேச்சே கிடையாது. உங்கள் போதகரிடம் இதைப் பேச வேண்டுமென்றால் அறுப்பின் பண்டிகை சமயம் பார்த்துப் போகாதீர்கள், மனுஷனுக்குக் காணிக்கைப் பொருள்களின் ஏலக்கணக்கே தலைக்கு மேல் இருக்கும்.